கூலிங் கிளாஸின் கறுப்பு மட்டும் கண்ணைக் காப்பாற்றாது

சிங்கப்பூரில் வெளிவேலை பார்க்கும் நம் ஆட்கள் தோலைப் பற்றிக் கொஞ்சமாவது யோசிக்கிறோம். நீளக் கை சட்டை போடுகிறோம், தலையில் துண்டைக் கட்டி அதன் மேல் ஹெல்மெட் வைக்கிறோம், கழுத்தை மூடுகிறோம். கண்ணை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம். நான் பல வருஷமாக சர்வே வேலையில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி துவாஸ் பக்கம், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெளிறிய மணல், அது முடிந்தால் கடல், மேலே வானம், அவ்வளவுதான். என் இடது கண்ணில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் இப்போது ஒரு சிறு சதை இருக்கிறது. டாக்டர்கள் அதை டெரிஜியம் என்கிறார்கள். அது வந்த பிறகு டாக்டரிடமும் கண்ணாடிக் கடையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இப்போது எங்கள் சர்வே குழுவில் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன். வெயிலில் நிற்கிற யாருக்கும் இது பொருந்தும், உணவு டெலிவரி ஓட்டுகிறவர்கள், தோட்ட வேலை பார்ப்பவர்கள், வாரக் கடைசியில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் எல்லாருக்கும்.

முதலில் வந்தது வலி கிடையாது. சாயங்காலம் ஆனால் கண் சிவக்கும், மண் விழுந்த மாதிரி உறுத்தும், முகம் கழுவினால் கொஞ்சம் அடங்கும், மறுநாள் அதே கதை. "உடம்பு சூடுண்ணே, நல்லெண்ணெய் தேச்சுக் குளிங்க" என்று சைட்டில் தம்பிகள் சொன்னார்கள். எண்ணெய்க் குளியல் நல்லதுதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் கண்ணில் வளர்கிற சதைக்கும் உடம்புச் சூட்டுக்கும் தொடர்பில்லை. வீட்டில் மனைவிதான் ஒரு நாள் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கண்ணு வெள்ளையில ஏதோ படர்ந்திருக்கு" என்றார்.

கண் மருத்துவர் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, பட்டையாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார், படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். வெள்ளை விழியின் மேல் முக்கோணமாக ஒரு இளஞ்சிவப்புச் சவ்வு, அதற்குள் நூல் நூலாக ரத்தக் குழாய்கள், அதன் முனை வெள்ளையைத் தாண்டிக் கருவிழியின் ஓரத்தில் காலெடுத்து வைத்திருந்தது. பார்வை இன்னும் பாதிக்கப்படவில்லை என்றார். வேலை என்ன, எந்தக் கண்ணால் கருவிக்குள் பார்ப்பீர்கள் என்று கேட்டார். தூரமும் கோணமும் அளக்க நாங்கள் தொலைநோக்கி வழியாகப் பார்க்கும் சர்வே கருவியான டோட்டல் ஸ்டேஷனில் வலது கண் ரப்பர் வளையத்துக்குள் பொத்தி இருக்கும், இடது கண் வெளியே வெயிலில் திறந்திருக்கும். அதனால்தான் இடது கண்ணில் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, தூசி, காற்று, பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் முக்கியமான காரணம் என்றார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு ரொம்பப் புதிது. இந்தச் சதை ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கம் வருகிறது? மூக்குப் பக்கமிருந்து நேராக வரும் வெயிலை மூக்கே மறைத்துவிடுகிறதே! விஷயம் என்னவென்றால், காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளி வளைந்த கருவிழி வழியாகப் போகும்போது மடங்கி, எதிர்ப்பக்கத்து ஓரத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில் போய்க் குவிகிறது, சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்துத் தாளைப் பொசுக்குவோமே அந்த மாதிரி. கருவிழிக்குப் புதுச் செல்களைத் தயாரித்துக் கொடுக்கிற இடமும் அந்த ஓரம்தான். ஆக முன்பக்கம் எவ்வளவு கறுப்பான கண்ணாடி போட்டாலும், பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கண்ணுக்கு ஆகாத ஒளி அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

வெயில் நேரத்தைப் பற்றியும் நமக்குத் தெரிந்தது பாதிதான். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்குக் கிடையாது, ஏறத்தாழ ஒரு மணிக்கு. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியதிலிருந்து இப்படி. புற ஊதாக் கதிர் குறியீடும் ஒரு மணியை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகிறது, மேகமில்லாத நாளில் 11ஐத் தாண்டலாம். உலக அளவுகோலில் 11 அல்லது அதற்கு மேல் என்றால் அதுதான் கடைசிப் படி, மிகக் கடுமை. தேசிய சுற்றுப்புற வாரியம் காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை மணிக்கொரு முறை இந்தக் குறியீட்டை வெளியிடுகிறது, மைஎன்வி செயலியில் மழை நிலவரம் பார்க்கிற கையோடு இதையும் பார்த்துவிடலாம்.

தோலுக்கு அந்த எண் போதும். கண்ணுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உச்சி வெயிலில் சூரியன் தலைக்கு மேலே நிற்கும், புருவ எலும்பும் ஹெல்மெட்டின் முன்விளிம்பும் நிழல் கொடுக்கும், நாமும் கண்ணைச் சுருக்கிக்கொள்வோம். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் சூரியன் பாதி உயரத்தில் சாய்ந்து நிற்கும், குறியீடு நடுத்தரமாக இருக்கும், நாமும் "இப்ப வெயில் பரவாயில்ல" என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்போம். விளிம்புக்குக் கீழே நுழைந்து நேராகக் கண்ணில் விழும் வெயில் அதுதான். எங்கள் குழுவில் இப்போது குறியீடு 3ஐத் தொட்டவுடன் கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டும், அது மறுபடி 3க்குக் கீழே இறங்கிய பிறகுதான் கழற்றலாம். மெல்லிய மேகம் போட்ட நாளிலும் இதே சட்டம்தான், ஏனென்றால் லேசான மேகம் புற ஊதாவில் பெரும்பகுதியை வடிகட்டாமல் விட்டுவிடும். வெளிச்சம் குறைந்ததால் நாம் கண்ணை அகலத் திறந்துவைத்திருப்போம், அது வேறு.

கீழேயிருந்து வருவதையும் மறக்க வேண்டாம். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாவில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடையோ தொப்பியோ இதைத் தடுக்காது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் கண் கூசுகிறதே, அது இதனால்தான். ஊரில் அம்மா நாற்று நடும்போது தண்ணீர் நிற்கும் வயலில் குனிந்தபடி நாள் முழுக்க இருப்பார், அவருக்குக் கண்புரை வந்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. கண்புரைக்கு வயது, சர்க்கரை, புகைபிடித்தல் என்று பல காரணங்கள் இருக்கின்றன, வெயில் அவற்றில் ஒன்று. மற்றதைவிட இதைத் தடுப்பது சுலபம்.

சரி, கண்ணாடிக்கு வருவோம், என்னிடம் அதிகம் பேர் கேட்பதும் இதைத்தான். தெரிந்த கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரிடம் வீட்டில் கிடந்த எல்லாக் கண்ணாடிகளையும் அள்ளிக்கொண்டு போனேன். புற ஊதா எவ்வளவு ஊடுருவுகிறது என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி அவரிடம் இருக்கிறது, லென்ஸை இடுக்கில் வைத்தால் திரையில் எண் வரும். முதலில் வைத்தது சைட்டில் கொடுத்த சாதாரண வெள்ளை சேஃப்டி கிளாஸ், ஒரு துளி நிறம் கிடையாது. எண் கிட்டத்தட்ட பூஜ்யம்! அடுத்து, பார்க்க நல்ல கறுப்பாக இருந்த ஒரு கூலிங் கிளாஸ், எங்கேயோ சுற்றுலா போனபோது நடைபாதைக் கடையில் வாங்கியது. அதில் கணிசமாக உள்ளே போனது. அதே மாதிரி மலிவாக வாங்கிய இன்னொன்றில் எதுவும் போகவில்லை, நன்றாகவே தடுத்தது.

இதில் தெரிய வேண்டியது என்னவென்றால், நிறமும் விலையும் எதையும் சொல்லாது. சேஃப்டி கிளாஸ் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தன் இயல்பிலேயே புற ஊதாவைத் தடுத்துவிடும், அதற்குக் கறுப்புத் தேவையில்லை. கறுப்பு என்பது கண் கூசாமல் இருக்க. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடியைப் போடுவதில் ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. இருட்டாக இருப்பதால் கண்ணின் நடுவிலுள்ள துளையான கண்மணி விரியும், நாமும் கண்ணைச் சுருக்க மாட்டோம், விரிந்த வாசல் வழியாகக் கதிர் தாராளமாக உள்ளே போகும். "யூவி 400" என்று எழுதியிருக்க வேண்டும், அதாவது 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். வெறும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நம்பிவிடாதீர்கள், கடையில் கருவி இருந்தால் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை, ஒரு நிமிஷ வேலை. சேஃப்டி கிளாஸ் என்றால் ஓரத்தில் பொடி எழுத்தில் "இசட்87" என்றும் "யூ6" என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "இசட்87" அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தின் குறி, அந்த "யூ" புற ஊதாவைக் குறிப்பது, 6 என்பது அதில் உச்ச அளவு.

கறுப்பின் அளவை 0 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு 3 சரியாக இருக்கும். 4 ரொம்பக் கறுப்பு, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. போலரைஸ்டு லென்ஸ் தண்ணீரிலும் ஈரச் சாலையிலும் தெறிக்கும் கூச்சத்தை அருமையாகக் குறைக்கும், மீன் பிடிக்கிறவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ரொம்ப உதவும், ஆனால் போலரைஸ்டு என்பதாலேயே புற ஊதா தடுக்கப்படுகிறது என்று அர்த்தமில்லை. எங்கள் வேலையில் அதனால் ஒரு தொல்லையும் உண்டு, கருவியின் திரையைச் சில கோணங்களில் பார்த்தால் முழுக்கக் கறுத்துப் போகும், எண்ணே தெரியாது. அதனால் நாங்கள் போலரைஸ்டு இல்லாத சாம்பல் நிற லென்ஸ் வைத்திருக்கிறோம், சிக்னல் நிறங்களும் கொடி நிறங்களும் மாறாமல் தெரியும். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் வாங்கலாமா என்றால், அலுவலகத்துக்குள்ளும் வெளியேயும் போய் வருபவருக்கு வசதி. ஆனால் வண்டிக்குள் அது சரியாகக் கறுக்காது, முன் கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடுவதால். சூடு அதிகமான இடத்திலும் அதன் கறுப்பு குறையும், சிங்கப்பூரில் சூட்டுக்கா பஞ்சம்? வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி முன் கண்ணாடி அளவுக்குத் தடுக்காது, ஆகவே நாள் முழுக்க லாரி ஓட்டுகிறவருக்கு வலது பக்கம் எப்போதும் வெயில்தான்.

இதையெல்லாம்விட முக்கியம், போட்ட கண்ணாடி முகத்தில் நிற்க வேண்டும். இங்கே உள்ள புழுக்கத்தில் அதுதான் கஷ்டம். குளிரூட்டிய கண்டெய்னர் ஆபீஸிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, கழற்றிவிடுவோம், அப்புறம் போடவே மாட்டோம். நாங்கள் இப்போது கண்ணாடிகளை ஆபீஸுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் நிழலான ஒரு பெட்டியில் வைக்கிறோம், லென்ஸ் வெளிச் சூட்டிலேயே இருப்பதால் ஆவி படிவதில்லை. வேர்வையில் வழுக்காமல் இருக்கப் பின்னால் ஒரு பட்டை. பக்கவாட்டில் வளைந்து கன்னத்தையும் நெற்றியோரத்தையும் ஒட்டி நிற்கும் வடிவம்தான் எல்லாருக்கும் வாங்குகிறோம், பக்கத்து ஒளியைத் தடுக்க அதுதான் வழி. பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் மேலேயே மாட்டும் பெரிய வகை கிடைக்கிறது. மணல் பட்டால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடைக்க வேண்டும், காய்ந்த மணலோடு சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழுந்து பார்க்கவே முடியாமல் போகும். ஹெல்மெட்டைச் சுற்றி மாட்டும் அகல விளிம்பும் வாங்கினோம், கண்ணில் விழும் புற ஊதாவில் ஏறக்குறைய பாதியை அகல விளிம்பு குறைத்துவிடும். கிரேன் வேலை நடக்கும் இடத்தில் மேலே பார்ப்பதை அது மறைக்கும் என்பதால் அங்கே போட மாட்டோம். வெப்ப நாட்களில் மனிதவள அமைச்சு விதிப்படி கடின வேலை செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிஷம் ஓய்வு உண்டு, அதை உண்மையான நிழலில் எடுங்கள், கண்ணுக்கும் அது ஓய்வு.

வெல்டிங் நடக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. "ஆர்க் அடிச்சிருச்சு" என்று சொல்கிறோமே, அதுவும் புற ஊதாதான், கருவிழியின் மேல்தோல் வெந்துபோவது. பார்த்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து ராத்திரியில் கண்ணைத் திறக்க முடியாமல் தண்ணீர் கொட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம், மேல்தோல் போன கண்ணில் கிருமி சேர்ந்தால் ஓரிரு நாளில் ஆற வேண்டியது பெரிய வினையாகிவிடும்.

கருவிழியாவது வலித்துக் காட்டும். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரைக்கு வலியே தெரியாது. 2019 டிசம்பர் 26ஆம் தேதி கங்கண சூரிய கிரகணம் சிங்கப்பூரில் தெரிந்தபோது, மதியம் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால், சைட்டில் எல்லாரும் வானத்தைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒருவர் பழைய எக்ஸ்ரே படம் கொண்டு வந்திருந்தார், இன்னொரு தம்பி, "அண்ணே, உங்க மிஷின்ல பார்த்தா பெருசா தெரியுமே" என்றார். தொலைநோக்கி உள்ள எந்தக் கருவியையும் சரியான சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கித் திருப்பக்கூடாது, ஒரு நொடியில் பார்வை போய்விடும், கருவியும் போய்விடும். முன் லென்ஸுக்கு மூடி போட்டு, கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் மேலே பார்த்தேன், அதுவும் சேஃப்டி அதிகாரி வாங்கி வந்த கிரகணக் கண்ணாடி வழியாக. எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், இரண்டு கூலிங் கிளாஸை அடுக்கிப் போடுவது எதுவும் சூரியனைப் பார்க்க உதவாது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் குழம்புவது நியாயம்தான். ஒரு பக்கம் கிட்டப்பார்வை வராமல் இருக்கத் தினம் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள் என்கிறார்கள், இன்னொரு பக்கம் வெயில் கண்ணுக்கு ஆகாது என்கிறார்கள். இரண்டும் சரி, ஒன்றோடொன்று மோதவும் இல்லை. மர நிழலில், தொப்பியோடும் கூலிங் கிளாஸோடும் இருந்தாலும்கூட வெளியில் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு என்று 2019இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களே அளந்து பார்த்து வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் கண் லென்ஸ் ரொம்பத் தெளிவானது, பெரியவர்களைவிட அதிகக் கதிரை உள்ளே விடும். நாங்கள் மரினா அணைக்கட்டில் பட்டம் விடப் போவதை ஐந்து மணிக்கு மேல் மாற்றிக்கொண்டோம், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்வேன், அகல விளிம்புத் தொப்பி கட்டாயம். பொம்மைக் கடையில் விற்கும் வண்ணக் கண்ணாடி பொம்மைதான், அதை வெயிலுக்குப் போட்டு அனுப்பாதீர்கள்.

சொட்டு மருந்தில் ரொம்பக் கவனமாக இருங்கள், இதை நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பை உடனே போக்கும் மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கும், அவ்வளவுதான். தினம் விட்டால் அதன் வேகம் இறங்கியதும் சிவப்பு முன்பைவிடக் கூடுதலாக வரும். ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கலாம், டெக்ஸாமெதசோன் என்று பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில நாளில் கண் பளிச்சென்று ஆகும், அதை நம்பி மாதக் கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரும், அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாமலேயே பார்வையைத் தின்றுவிடும். எனக்கு டாக்டர் சொன்னது செயற்கைக் கண்ணீர் மட்டும், ஒரு நாளைக்குப் பல தடவை விடுவதால் பிரிசர்வேட்டிவ் சேர்க்காத வகை.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு, சதை இருப்பதாலேயே வெட்ட வேண்டியதில்லை. கண்மணியை நோக்கி வளர்ந்தால், கருவிழியை இழுத்துப் பார்வையைக் கோணலாக்கினால், அடிக்கடி புண்ணானால் எடுக்கிறார்கள். வெறுமனே வெட்டி விட்டால் திரும்ப வளர்வது அதிகம், அதனால் மேல் இமைக்கு அடியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வெயிலில் பழையபடி நின்றால் மறுபடி வரலாம், இள வயதில் இன்னும் அதிகம். என்னுடையதை இப்போதைக்குக் கவனித்து வந்தால் போதும் என்கிறார்கள். வீட்டு ஜன்னல் பக்கம் ஒரே இடத்தில் என்னை உட்கார வைத்து மனைவி என் கண்ணைக் கைபேசியில் படம் எடுப்பார், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வளர்ந்திருக்கிறதா என்று அவருக்கும் சுலபமாகத் தெரிகிறது.

எங்கே போவது என்றால், சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் காட்டி அங்கிருந்து கண் சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, விடுதியில் தங்குபவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைகளில் இருப்பவர்களுக்கும் பிரைமரி கேர் பிளான் என்ற அடிப்படை மருத்துவத் திட்டம் உண்டு, அதில் உள்ள கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். உறுத்தல், சிவப்பு என்றால் சில நாள் பொறுத்துப் போகலாம். பார்வை திடீரென மங்கினால், நடுவில் கறுப்பாகவோ வெறுமையாகவோ ஓரிடம் தெரிந்தால், வெளிச்சத்தையே பார்க்க முடியாத வலி வந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் லீவு கிடைக்குமா, சம்பளம் பிடிப்பார்களா என்று யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.